செத்துக் கிடந்த ராஜாவுக்கு வந்த பொறாமை

இரும்புக்கடை அரங்கநாதனைப் பற்றி எழுதச் சொன்னால் செஞ்சியில் பாதிப் பேர் அவன் கடையில் ஆணி வாங்கின கதையை எழுதுவார்கள். மீதிப் பேர் அவன் ராஜபார்ட் கட்டின கதையை எழுதுவார்கள். அவனுடைய பொறாமையைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆள் கிடையாது. அந்தப் பொறாமைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆர்மோனியம் வாசித்தவன் நான். என் பேர் இளையபெருமாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தேன். நாடகம் என்று வந்துவிட்டால் விளக்கும் என்னுடையது, ஆர்மோனியப் பெட்டியும் என்னுடையது. ஆனால் பெட்டிக்காரனை எவன் திரும்பிப் பார்க்கிறான்? அந்த வயிற்றெரிச்சல் என்னோடு இருக்கட்டும். இது அரங்கநாதன் கதை.

சிங்கவரத்துப் பெருமாளுக்கு நேர்ந்துகொண்டு பிறந்தவன் அவன். அந்தப் பெருமாள் மலைக்குகைக்குள் காலை நீட்டிப் படுத்திருக்கிறவர். பேர் வைத்த நேரமோ என்னவோ, இவனுக்கும் மேடையில் படுக்கிற யோகம்தான் வாய்த்தது. ஆள் நல்ல உயரம். கிரீடம் வைத்தால் பொருந்துகிற முகம். கடையில் உட்கார்ந்து அவன் ஒரு அதட்டல் போட்டால் ஸ்டாண்டில் கிளம்பின பஸ் நின்றுவிடும், அப்படிக் குரல். சுருதி சுத்தம், தாளம் தப்பாது. சிநேகிதன் என்பதற்காகச் சொல்லவில்லை. அவனோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்ததிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறவன் நான், எனக்கு அவனைப் புகழவேண்டிய அவசியம் இல்லை.

எங்கள் நாடக சபையில் வருஷா வருஷம் மாசி மாதம், மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கி முடிந்த கையோடு நாடகம் நடக்கும். எப்போதும் ஒரே நாடகம்தான். எழுதினது தனகோட்டி வாத்தியார். கோட்டை ராஜா எதிரிப் படையோடு சண்டைக்குப் போகிறார். பொழுது விடிகிற நேரத்தில் தன் கோட்டை வாசலிலேயே வெட்டுப்பட்டு விழுகிறார். ராணி ஓடிவந்து அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு பாட்டு பாடுகிறாள். அத்தோடு கதை முடிந்தது. ராஜா விளக்கு வைத்த நேரத்திலிருந்து தொண்டை கிழியப் பாடியிருப்பார். அதையெல்லாம் கேட்க நாதி கிடையாது. பனமலையிலிருந்தும் மண்டகப்பட்டிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருகிற ஜனம் சாக்கை விரித்துப் படுத்துவிடும். ராணி பாட்டுக்கு எழுப்புங்கள் என்று பக்கத்தில் சொல்லிவிட்டுத் தூங்கும். அவர்கள் வந்ததே அந்த ஒரு பாட்டுக்குத்தான்.

பாட்டின் முன்பாதி சுத்தமான ஒப்பாரி.

கோட்டை விளக்கெல்லாம் அணைஞ்சு போச்சே, என்
கொண்டவன் கண்ணிரண்டும் மூடிப் போச்சே
கேட்ட வரமெல்லாம் கேலி ஆச்சே, எங்க
கிளி பறந்த கூடு தனியா ஆச்சே

என்று இழுத்து இழுத்துப் போகும். பிறகு கிழக்கே வெளுக்கிற நேரம் பார்த்து நான் பெட்டியில் ராகத்தை மாற்றுவேன். பாட்டும் தலையை நிமிர்த்தும்.

விடியாத ராவென்று ஒன்றும் உண்டோ
விழுந்த விதை முளைக்காமல் போனதுண்டோ
மடியிலே தூங்கினது போதும் ராஜா
வாசல் தெளிச்சாச்சு எழுந்திரு ராஜா

இந்த இடத்தில் ராணி ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து ராஜா முகத்தில் தெளிப்பாள். செத்த ராஜா எழுந்து நின்று ஜனத்தைப் பார்த்துக் கும்பிடுவார். செத்தவன் எப்படி எழுந்தான் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். மேடையில் ஒருத்தன் செத்துக் கிடக்கப் படுதாவை இறக்கினால் ஊருக்கு ஆகாது என்பது எங்கள் வழக்கம். அவனை எல்லார் கண் முன்னாலும் எழுப்பிவிட்டுத்தான் மங்களம் பாடவேண்டும். அதோடு விட்டதா? செத்து எழுந்தவன் வேஷத்தைக் கலைக்காமல் அப்படியே தன் வீட்டு மனுஷியோடு வீட்டுக்கு நடந்து போகவேண்டும். வாசலில் ஆரத்தி சுற்றிக் கொட்டின பிறகுதான் முகத்து அரிதாரத்தைக் கழுவலாம்.

ராணி வேஷம் கட்டினது சாந்த் பாஷா. தையல்காரன். கடைத்தெருக் கோடியில் ஒரு மெஷினும் ஒரு பெஞ்சும் வைத்திருந்தான். ஒல்லி உடம்பு. பகலில் பேசினால் அடுத்த கடைக்குக் கேட்காது. மேடையில் சேலை கட்டி உட்கார்ந்து அந்தப் பாட்டை எடுத்தானோ, எனக்கே பெட்டித் துருத்தியில் கை நின்றுபோகும். உள்ளதைச் சொல்கிறேன், அரங்கநாதன் குரலில் பாதிகூட வராது அவன் குரல். மேல் ஸ்தாயியில் லேசாக உடையும். அந்த உடைசலில்தான் ஜனம் பொலபொலவென்று அழும். படித்துப் படித்துச் சுருதி சேர்த்தவனுக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வராதா?

அரங்கநாதனுக்கு வந்தது. ஆரம்பத்தில் அது சாதாரண மேடைப் பொறாமைதான். அவனுக்கு இத்தனை பவுடர் எதற்கு, ஒரு தையல்காரனுக்கு ஊரே இப்படித் தாளம் போடுகிறதே என்று என் கடையில் வந்து புலம்புவான். பாஷாவிடம் துணி தைக்கக் கொடுப்பதை நிறுத்திவிட்டுத் திண்டிவனத்தில் கொண்டுபோய்ச் சட்டை தைத்துக்கொண்டான். அந்தத் தையல்காரன் ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் தைத்து அனுப்பினான். இவன் வீம்புக்கு அதையே போட்டுக்கொண்டு ஒரு வருஷம் திரிந்தான். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம்.

சிரிக்க முடியாதது அறுபத்தொன்றாம் வருஷம் வந்தது. சித்திரையில் ஊரில் அம்மை கண்டது. அரங்கநாதனுக்கு ஒரே பெண் குழந்தை. பேர் பெருமாள் கோயில் தாயார் பேர், கூப்பிடுவது பாப்பா என்று. மூன்று வயசு. எப்போது பார்த்தாலும் கடையில் கல்லாப் பக்கம் உட்கார்ந்து திருகாணியை எண்ணிக்கொண்டிருக்கும். அதற்கும் அம்மை வார்த்துவிட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிப்பு நின்றது. இளநீர் கொடுத்தார்கள், மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்கள். குழந்தை தங்கவில்லை.

அம்மையில் போனவர்களுக்கு அழக்கூடாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். ஆத்தா வந்து அழைத்துக்கொண்டு போயிருக்கிறாள், அழுதால் அவளைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும், கோபத்தில் இன்னொன்றையும் கேட்பாள் என்று பயம். அரங்கநாதனுடைய அம்மா உண்ணாமலையம்மாள் இதில் ரொம்பக் கண்டிப்பு. துக்கம் கேட்க வந்த பெண்களை வாசலிலேயே நிறுத்தி, வாயைத் திறக்கவிடாமல் திருப்பி அனுப்பினாள். அவன் பெண்சாதி ஆதிலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அரங்கநாதன் இரண்டு நாள் கழித்துக் கடையைத் திறந்து ஆணி நிறுக்க ஆரம்பித்தான். அவனும் அழவில்லை. அந்த வீட்டில் குழந்தையின் பேரை எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த மாசியில் நாடகத்துக்கு ஆதிலட்சுமி வந்தாள். அதற்கு முன்னால் கைக்குழந்தை, வீட்டு வேலை என்று வந்து உட்கார்ந்து பார்த்தவள் இல்லை, விடியற்காலையில் மங்களம் பாடுகிற நேரத்துக்கு எட்டிப்பார்த்துப் புருஷனை அழைத்துப் போகிறதோடு சரி. அந்த வருஷம் முன் வரிசையில், பெண்கள் பக்கம், மேடைக்கு முன்னால் கட்டின கயிற்றை ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். நான் மேடையோரத்தில் உட்காருகிறவன். எனக்கு எல்லார் முகமும் தெரியும். பாஷா பாட்டை எடுத்தான். ஆதிலட்சுமி அழ ஆரம்பித்தாள். மற்றப் பெண்கள் மூக்கைச் சிந்துகிற மாதிரி இல்லை அது. அடிவயிற்றிலிருந்து வந்தது. பக்கத்தில் இருந்தவள் பயந்துபோய்த் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மேடையில் பாஷா மடியில் கண்ணை மூடிச் செத்துக் கிடந்தானே அரங்கநாதன், அவன் காதில் அது விழுந்தது. கட்டின பெண்சாதியின் அழுகை எந்தப் புருஷனுக்கு அடையாளம் தெரியாது? எழுந்து பார்க்கவும் முடியாது, பிணம் தலையைத் திருப்ப முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். தாடை இறுகினதை நான் பார்த்தேன்.

மறுநாள் என் கடைக்கு வந்தான். பெட்ரோமாக்ஸ் மேண்டிலை விரலால் குத்திக் குத்திப் பொடியாக்கினான். பிறகு சொன்னான். "வூட்ல இத்தினி மாசமா அவ கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலடா. நான் பக்கத்துல போனா கல்லு கணக்கா குந்தியிருக்கிறா. அந்த பாய் வாயத் தொறந்தா இவ கொடங் கொடமா கொட்டுறா. எங்கிட்ட வராத அழுவ அவன்கிட்ட மட்டும் எப்டிடா வருது?"

பாட்டு அப்படிப்பட்ட பாட்டு, யாராக இருந்தாலும் அழத்தான் செய்வார்கள் என்று நான் ஏதோ சமாதானம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பாட்டுதான் காரணம் என்றால் அந்தப் பாட்டை நானே பாடிவிட்டுப் போகிறேன் என்று அன்றைக்கு அவன் தலையில் ஏறிக்கொண்டது, இறங்கவே இல்லை. தப்பாக ஒன்றும் அவன் நினைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பாஷாவைப் பற்றியோ ஆதிலட்சுமியைப் பற்றியோ அவன் வாயிலிருந்து கேவலமாக ஒரு வார்த்தை வந்ததில்லை. அவனுக்கு வேண்டியது அந்த அழுகை. அது தன்னிடம் வரவேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த வருஷமும் அதே கதை. ஆதிலட்சுமி வந்தாள், பாஷா பாடினான், அவள் அழுதாள், அரங்கநாதன் செத்துக் கிடந்து கேட்டான். எழுந்து கும்பிட்டு வேஷத்தோடு அவள் பின்னால் வீட்டுக்கு நடந்தால், வழி நெடுக அவள் முகம் தெளிந்து இருக்குமாம். ஆரத்தி சுற்றுவாளாம், வெந்நீர் வைத்துக் கொடுப்பாளாம். இரண்டு வார்த்தை கூடப் பேசுவாளாம். பாய் பாட்டைக் கேட்ட சந்தோஷம் பாரு என்று அதற்கும் இவனுக்கு எரியும்.

அறுபத்து நான்கில் ஒரு வேலை செய்தான். பாஷா மேல் ஸ்தாயிக்குப் போகிற இடம், குரல் உடையப்போகிற இடம், ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, செத்த ராஜா இருமினான். லேசாக இல்லை, நெஞ்சைப் பிளக்கிற இருமல். எனக்கு ஒரு கட்டை தப்பிவிட்டது. பாஷா அசரவில்லை. மடியில் இருந்த தலையை இரண்டு கையாலும் தூக்கி, 'போகலையே என் ராஜா உயிர் போகலையே' என்று ஒரு புது அடியைப் போட்டுப் பாட்டை அப்படியே மேலே கொண்டுபோய்விட்டான். பந்தலே எழுந்து நின்றது. கிழவிகள் குலவை போட்டார்கள். முன் வரிசையில் ஆதிலட்சுமி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள். யாரைக் கும்பிட்டாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பாஷாவை என்று அரங்கநாதன் நினைத்துக்கொண்டான்.

அந்த வருஷம் ஐப்பசியில் சபைக் கூட்டத்தில் அவன் கேட்டேவிட்டான். மேடைக்கு வேண்டிய தகரம், கம்பி, ஆணி எல்லாம் வருஷா வருஷம் அவன் கடையிலிருந்துதான் வரும். இந்த வருஷம் கதையை மாற்றுங்கள், இல்லாவிட்டால் தகரம் கிடையாது என்றான். ராஜா ஏன் சாகவேண்டும்? போரில் ஜெயித்துத் திரும்பட்டும். ராஜா செத்துவிட்டார் என்று எவனோ பொய்ச் சேதி சொல்லி, ராணி உயிரை விட்டுவிடட்டும். ராஜா வந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு பாடட்டும். தனகோட்டி வாத்தியார் மூக்குப்பொடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் தும்மினார். கடைசியில் தகரம் இல்லாமல் நாடகம் இல்லை என்று ஒத்துக்கொண்டார்.

பாஷா சண்டை போடுவான் என்று அரங்கநாதன் எதிர்பார்த்தான். சண்டைக்குத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தான். பாஷா சிரித்துக்கொண்டே, "அதுக்கு இன்னா அண்ணே, நல்லதுதான். வருசம் பூரா மெஷின்ல குந்தி இடுப்பு செத்துப் போச்சு. ஒரு நாளு நான் படுத்துக்கறேன், நீ பாடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். இதைவிட ஒருத்தனை வேறு எப்படி அவமானப்படுத்த முடியும்? அரங்கநாதன் கொதித்துப்போனான்.

பிறகு நடந்த கூத்தைக் கேட்கவேண்டுமே. பனங்கற்கண்டு, மிளகு, அதிமதுரம் என்று தினமும் என்னவோ அரைத்துக் குடித்தான். சாயங்காலமானால் என்னையும் பெட்டியையும் இழுத்துக்கொண்டு கோட்டை மதில் பக்கம் போவான். ஆட்டுக்காரர்கள் போன பிறகு அங்கே உட்கார்ந்து பாடுவான். நான் மறுபடி மறுபடி வாசிப்பேன். எந்த இடத்தில் குரலை உடைக்கவேண்டும் என்று கேட்பான். குரலை உடைக்கிறது என்பது தேங்காய் உடைக்கிற வேலையா, தானாக வந்தால்தான் உண்டு என்றேன். என்மேல் எரிந்து விழுந்தான். வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. ஆதிலட்சுமிக்கு இது தெரியக்கூடாது, அவள் முன் வரிசையில் உட்கார்ந்து திடீரென்று என் பாட்டைக் கேட்கவேண்டும் என்றான். ஒத்திகைக்கு வந்த ஆள் அத்தனை பேரையும் வாயைக் கட்டி வைத்தான்.

அறுபத்தைந்து மாசி வந்தது. வழக்கம்போல ஆதிலட்சுமி வந்து கயிற்றை ஒட்டி உட்கார்ந்தாள். ராஜா சண்டைக்குப் போகிறவரைக்கும் பழைய கதைதான். விடியற்காலம் ராஜா வெட்டுப்பட்டு விழவேண்டிய இடத்தில் விழவில்லை. ஜனம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தது. ராணி வந்தாள், பொய்ச் சேதி கேட்டாள், அலறிக்கொண்டு விழுந்தாள். அரங்கநாதன் கம்பீரமாக வந்து உட்கார்ந்து பாஷாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். நான் சுருதியைக் கொடுத்தேன்.

பாடினான். குறை சொல்ல எனக்கு ஒரு இடமும் தெரியவில்லை. சுத்தமாகப் பாடினான். இவ்வளவு நன்றாக அந்தப் பாட்டை யாரும் பாடி நான் கேட்டதில்லை. ஜனமும் மரியாதையாகக் கேட்டது. ஆனால் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தது செத்துக் கிடந்த பாஷாவை. சேலையும் பூவுமாக அவன் கிடந்த கிடப்பு அப்படி. அரங்கநாதன் யாரையும் பார்க்கவில்லை. முன் வரிசையில் ஒரே இடத்தைப் பார்த்துத்தான் பாடினான். ஆதிலட்சுமி அழவில்லை. கையைக் கோத்துக்கொண்டு, எதையோ காணோம் என்று தேடுகிற மாதிரி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராகத்தை மாற்றினேன். அவன் செம்பை எடுத்து பாஷா முகத்தில் தண்ணீர் தெளித்தான். பாஷா எழுந்து கும்பிட்டான், கைதட்டல் பந்தலைத் தூக்கியது. ஆதிலட்சுமி எழுந்து யாரையும் பார்க்காமல் விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள்.

மங்களம் பாட அரங்கநாதன் நிற்கவில்லை. பாஷாவின் பெண்சாதி கமர் ஜஹான் உப்பு மிளகாயோடு வந்து நின்று, புருஷனைச் சேலையும் கொண்டையுமாகச் சிரித்துக்கொண்டே அழைத்துப் போனாள். இவன் கிரீடத்தை ஒரு மூலையில் வீசிவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தான். எங்கேயடா என்றால், நீயும் வா, நான் சுருதி தப்பினேனா இல்லையா என்று அவள் முன்னால் நீ சொல்லு என்றான். அவன் முகத்தில் அரிதாரம், மீசை, கழுத்தில் பாசிமணி; கையில் பெட்டியோடு பின்னால் நான். பொழுது நன்றாக விடிந்துவிட்டது. கடைத்தெருவில் கதவுப் பலகை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

ஆதிலட்சுமி கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. இவன் நிலைப்படியில் நின்றே கேட்டான். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டான். நன்றாக இருந்தது என்றாள். அந்த பாயைவிட நன்றாக இருந்ததா என்றான். ஆமாம் என்றாள். இவன் குரலை உயர்த்தினான். "அப்புறம் ஏன்டி அழுவல? அவன் பாடுனா மட்டும் அழுவுற. இன்னா வெச்சிருக்கிறான் அவன் பாட்டுல?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டது அது ஒரு தரம்தான். "பாட்டக் கேக்கவா போனேன் நானு? பாய் இன்னா பாடுறாருன்னு இந்நேரம் வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் உங்களத்தான் பாத்துக்கினு இருப்பேன். பாப்பா போனப்போ அழுவக்கூடாதுன்னுட்டாங்க. அங்க நீங்க செத்துக் கெடக்குறப்போ அழுதா யாரும் இன்னான்னு கேக்கமாட்டாங்க. அழுது முடிச்சா நீங்க எழுந்துக்குவீங்க. எழுந்து எங்கூடவே வூட்டுக்கு வருவீங்க. வருசத்துக்கு ஒருநாளு, செத்துக் கெடந்தது ஒண்ணு எழுந்து எங்கூட வூட்டுக்கு வந்துக்கினு இருந்துச்சி. அதத் தூக்கி இன்னொரு வூட்டுக்குக் குடுத்துட்டீங்களே."

எனக்குக் கையில் இருந்த பெட்டி கனத்தது. கீழே வைக்கவும் தோன்றவில்லை. அரங்கநாதன் உள்ளே போனான். அவள் எதிரே, வெறும் தரையில், பாசிமணி கலகலக்க மல்லாந்து படுத்தான். தலையை நகர்த்தி அவள் மடியில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மீசையைத் தொட்டாள். பிறகு அழுதாள். பந்தலில் கேட்டது எல்லாம் ஒன்றும் இல்லை. பாப்பா, பாப்பா என்று பேரைச் சொல்லி, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி அழுதாள். மூடின கண்ணிலிருந்து ராஜாவின் மை கரைந்து இரண்டு காதுப் பக்கமும் ஓடியது.

கொல்லைப்பக்கத்திலிருந்து உண்ணாமலையம்மாள் ஓடிவந்தாள். ஆத்தா வந்து போன வூட்டுல இன்னாடி இது, நிறுத்துடி, இருக்கிறதையும் கொண்டு போயிடுவா என்று பதறிக்கொண்டு வந்து மருமகள் வாயைப் பொத்தக் குனிந்தாள். அரங்கநாதன் கண்ணைத் திறக்காமலே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அழுவட்டும்மா. ஆத்தாளுக்குக் கோவம் வந்தா எங்கிட்ட வரட்டும். அதான் படுத்துக் கெடக்குறேன் இல்ல."

கிழவி பிடிபட்ட கையை இழுத்துப் பார்த்தாள். விடவில்லை அவன். அவளுக்கு உதடு கோணிக்கொண்டு போனது. நின்ற இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். ஒரு நாளும் யாரையும் வாயைத் திறக்கவிடாதவள், மருமகள் தோளில் தலையை முட்டிக்கொண்டு, "எஞ் சாமி, பாப்பா, உனக்காவ ஒரு வாய் அழக்கூட வுடாம அனுப்பிட்டேனேடி" என்று மாரில் அடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டுத் தெருவில் பெண்கள் கூடிவிட்டார்கள். யாருக்கு என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டார்கள். பாப்பா போய்விட்டது என்றேன். அவர்கள் ஒன்றும் கேட்காமல் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய் ஒப்பாரிக்கு உட்கார்ந்தார்கள்.